அந்த அறையில் நிற்காதவர்கள்

1

ஒரு ஜனாதிபதி இறந்துகொண்டிருக்கும் அறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவது இப்போது என் வேலை. சம்பளம் இல்லை. கோப்பி உண்டு.

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரின் ஓரத்தில், மூடப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ளூர் வரலாற்றுக் காப்பகம் இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் சிலர் செவ்வாயும் வியாழனும் அங்கே போய், யாரோ இறந்தபின் பிள்ளைகள் கொண்டுவந்து இறக்கிய பெட்டிகளைப் பிரித்துப் பதிகிறோம். இந்த நாட்டில் ஓய்வூதியக்காரன் எங்கேயாவது தொண்டு செய்யாமல் வீட்டில் இருந்தால், அவனுக்கு ஏதோ வருத்தம் என்று பக்கத்து வீட்டார் விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் பயந்து சேர்ந்தவன் நான்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கொம்யூனில், அதாவது நகரசபை அலுவலகத்தில், விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்த்தேன். அதற்கும் முன் யாழ்ப்பாணம் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞன். இரண்டு நாடுகளிலும் நான் கண்ட மனித இயல்பு ஒன்றுதான்: படிவத்தில் எந்தக் கூடு, அதாவது கட்டம், முக்கியமோ அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையொப்பம் வைப்பார்கள்.

என்னோடு வேலை செய்யும் இங்கர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பல வருடங்களுக்கு முன் தன் வீட்டு வேலிக்கு அனுமதி கேட்டு அவர் அனுப்பிய படிவத்தை, ஒரு கூடு நிரப்பப்படவில்லை என்று நான் திருப்பி அனுப்பினேனாம். எனக்கு நினைவில்லை. அவருக்கு இருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "இவர்தான் என் வேலியைத் திருப்பி அனுப்பியவர்."

இம்முறை வந்த பெட்டியில் ஒரு தடித்த தொகுப்பு. நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய டேனிஷ் வாரப்பத்திரிகை ஒன்றின் இதழ்கள், தோல் அட்டையில் கட்டப்பட்டவை. அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் நாடக அரங்கில் சுடப்பட்ட வருடம். அப்போது புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சிட வழியில்லை. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி எடுத்த படங்கள். ஒவ்வொன்றையும் கணினியில் விவரிக்க வேண்டும்.

விவரித்தேன். படம் ஒன்று: அரங்கின் மேல் மாடத்தில் ஜனாதிபதி அமர்ந்திருக்கிறார், பின்னால் கைத்துப்பாக்கியோடு ஒருவன். படம் இரண்டு: அவன் கத்தியோடு மேடைக்குப் பாய்கிறான். பிறகு மரணப் படுக்கை. பிறகு கறுப்புத் துணி சுற்றிய சவ ஊர்தி, தொப்பியைக் கழற்றிய கூட்டம். பிறகு எரியும் வைக்கோல் கொட்டகையில் கொலையாளி. கடைசியாகத் தூக்குமேடை, நான்கு பேர், அதில் ஒருத்தி பெண். அவள் தலைக்கு மேல் ஒரு அதிகாரி வெயில் படாமல் குடை பிடிக்கிறார். அந்தக் குடையை நான் நெடுநேரம் பார்த்தேன். ஒழுங்குமுறை தெரிந்த மனிதர்.

மரணப் படுக்கை இரண்டு இதழ்களில் வந்திருந்தது. முதலாவதில் பதின்மூன்று பேர். அடுத்ததில் இருபத்தாறு. அறையும் அதற்கேற்ப வளர்ந்திருந்தது.

"உண்மையில் அது ஒரு வாடகை வீட்டின் பின்னறை. கட்டில்கூடக் குறுக்காகத்தான் கிடந்ததாம்," என்றார் இங்கர். அவர் டேனிஷில்தான் பேசுவார்; இங்கே தமிழில் தருகிறேன். பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து, படத்துக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் காட்டினார். பெரிய படமென்றால் கட்டையைத் துண்டுகளாகப் பிரித்துப் பலரிடம் கொடுப்பார்களாம். ஒருவர் முகம், ஒருவர் திரைச்சீலை, ஒருவர் கட்டில். பிறகு துண்டுகளைச் சேர்த்து முடுக்குவார்கள். சேர்த்த இடத்தில் மை பிடிக்காது.

"செதுக்கியவர்களில் யாராவது அங்கே நின்றார்களா?" என்று கேட்டேன்.

"அவர்கள் கோப்பன்ஹேகனில் இருந்தார்கள். லண்டன் பத்திரிகையைப் பார்த்துச் செதுக்கினார்கள். லண்டன்காரன் நியூயோர்க் பத்திரிகையைப் பார்த்தான்."

"நியூயோர்க்காரன்?"

"அவன் தந்தியை வாசித்தான்."

எங்கள் பதிவில் அதற்கென்று ஒரு கூடு இருக்கிறது: படைத்தவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, தெரியவில்லையா. அன்று மற்ற எல்லாவற்றையும் நிரப்பினேன். அந்தக் கூட்டை மட்டும் நிரப்பவில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை. இங்கருக்கு அது அன்றைய நாளின் மிகப் பெரிய சந்தோஷம்.

2

அன்று பின்னேரம் ஓல்போர்க்கிலிருந்து மலர் அழைத்தாள். வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்கிறாள். இன்னும் நான்கு வருடத்தில் அவளும் ஓய்வு. அவளுடைய அண்ணன் ராசன், கொழும்பில் என்னோடு ஒரே லொட்ஜ் அறையில் இருந்தவன். முப்பது வருடத்துக்கு மேலாகக் காணாமல் போனவன்.

"அண்ணை, ரீ குடிச்சாச்சோ?"

"குடிச்சாச்சு. சொல்லு பிள்ளை."

"ஊரிலை இருந்து சட்டத்தரணி கதைச்சவர். ராசண்ணையின்ரை பைலைக் காணாமல் போனவையின்ரை கந்தோரிலை இப்ப எடுத்திருக்கினமாம். கண்ட சாட்சி ஒராள் எண்டாலும் இருந்தால் விசாரிப்பினமாம். இல்லாட்டி மரணச் சான்றிதழைத் தந்து மூடுவினமாம்."

"ம்."

"நீங்கள்தானே கண்டனீங்கள். ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தந்தால் காணும். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் வந்து எடுக்கிறம்."

நான் உடனே நடைமுறையைச் சொல்லத் தொடங்கினேன். நகர நீதிமன்றத்தில் நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பம் வைக்க வேண்டும், முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும், கடவுச்சீட்டுக் கொண்டுபோக வேண்டும், நொத்தாரிசு என் கையொப்பத்துக்குத்தான் சாட்சி, உள்ளே இருப்பது உண்மையா என்று பார்க்கமாட்டார், பிறகு வெளிவிவகார அமைச்சின் முத்திரை, பிறகு பதிவுத் தபால். கால் மணித்தியாலம் கதைத்திருப்பேன். மலர் ஓம், ஓம் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் போல ஒராள் இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் அண்ணை," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

3

மலருக்குத் தெரிந்த கதை இது. நாட்டின் தலைவர் கொழும்பில் ஒரு ஊர்வலத்தில் குண்டு வெடித்து இறந்த அன்று, பொழுதுபடச் சீருடைக்காரர் எங்கள் லொட்ஜுக்கு வந்தார்கள். நான் படிக்கட்டில் நின்றேன். ராசனை அவன் போட்டிருந்த பச்சைச் சேட்டோடு கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இதை நான் முதலில் சொன்னது டென்மார்க்கின் அகதி முகாமில், விசாரணை அதிகாரியிடம். மொழிபெயர்ப்பாளர் அதை டேனிஷில் வாசித்துக் காட்ட, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்தேன்.

அந்தக் காலத்தில் முகாம்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், கேஸ், அதாவது அகதி விசாரணையில் சொல்லும் கதை, தனி ஒருவரின் சொத்து அல்ல. விசாரணைக்கு முதல் நாள் எல்லோரும் கூடுவோம். ஒருவனின் கதையில் ஓட்டை இருந்தால் மற்றவன் தன் கதையிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தருவான். எங்கள் கட்டடத்தில் இதற்கென்றே ஒருவர் இருந்தார். பருத்தித்துறைப் பக்கத்து மனிதர், என்னிலும் மூத்தவர். வழக்கறிஞருக்கு எங்கள் ஊரில் அப்புக்காத்து என்பார்கள். அவர் வழக்கறிஞர் அல்ல, ஆனாலும் எல்லோருக்கும் அவர் அப்புக்காத்தர்.

என் கதையைக் கேட்டுவிட்டு அப்புக்காத்தர் சிகரெட்டைச் சப்பாத்தில் அணைத்தார்.

"நீர் வெளியிலை நிண்டனீர். வந்து பாக்க ஆளில்லை. மனேச்சர் சொன்னவர். உது கேஸோ? உது பேப்பரிலை வாற செய்தி. கேள்விப்பட்டன் எண்டு சொல்லுறவனுக்கு இவங்கள் கோப்பிகூடக் குடுக்கமாட்டாங்கள். கண்டனான் எண்டு சொல்லும்."

"எங்கை நிண்டு கண்டனான் எண்டு சொல்ல?"

"படியிலை நில்லும். ஏத்தேக்கை அவன் திரும்பிப் பாத்தவன் எண்டு சொல்லும். ஒண்டும் கதைக்கேல்லை. பாத்தவன், அவ்வளவுதான். கதைச்சவன் எண்டு சொன்னால் என்ன கதைச்சவன் எண்டு கேப்பாங்கள்."

ஜீப்பின் நிறத்தை இன்னொருவர் தந்தார். படிக்கட்டு வேறொருவருடைய லொட்ஜின் படிக்கட்டு. பச்சைச் சேட்டு மட்டும் என்னுடையது.

சில வருடங்களின் பின் மலர் கலியாணம் முடித்து ஓல்போர்க் வந்தாள். வந்த கிழமையே ஒரு பெட்டி லட்டோடு என்னைத் தேடி வந்து, அண்ணனுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். ஒரே சம்பவத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லக்கூடாது என்பது முதல் விதி. பதிவில் இருந்ததைச் சொன்னேன். அவள் ஊருக்குத் தொலைபேசி எடுத்துத் தாயிடம் சொன்னாள். அந்த மனுசி இறக்கும்வரை வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னதாம்: "திரும்பிப் பாத்தவனாம்."

மலரின் மகள் அபி, எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றிப் படம் வரையச் சொன்னபோது அதை வரைந்தாள். ஜீப், பச்சைச் சேட்டு, எங்களை நோக்கித் திரும்பிய முகம். காணாத மாமனின் முகத்துக்குத் தாயின் கண்களைப் போட்டிருந்தாள். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்குகிறது. வருடத்தில் இரண்டு முறையாவது அதற்கு நேரே இருந்து நான் சோறு சாப்பிடுகிறேன்.

4

நடந்ததைச் சொல்கிறேன். நீளமில்லை.

அப்போது கொழும்பில் தங்கும் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டும். பலர் பதிவதில்லை. எங்கள் லொட்ஜில் பதிய வைத்தவன் நான். விதி இருக்கிறது, பதிந்தால் பாதுகாப்பு, பதியாதவனைத்தான் பிடிப்பார்கள் என்று அறை அறையாகப் போய் விளக்கினேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்துக்கிடந்த பொடியளுக்கு வேறு வேலையும் இல்லை. பதினொரு பேருக்கு என் கையாலேயே படிவம் நிரப்பினேன்: பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், அறை இலக்கம், எந்தக் கட்டில். கட்டிலுக்கு அதில் கூடு இல்லை. நானாகச் சேர்த்தேன். கச்சேரிப் பழக்கத்தில் காபன் தாள் வைத்துப் பிரதி எடுத்தேன். நிலையத்தில் கொடுத்தபோது பிரதியிலும் முத்திரை குத்தச் சொல்லி நின்றேன். கந்தோர்க்காரன் சிரித்துக்கொண்டு குத்தினான்.

அன்று பின்னேரம் நான் ஏஜென்சிக்காரனோடு கதைக்கக் கொமியூனிகேஷனுக்கு, தொலைபேசிக் கடைக்கு, போயிருந்தேன். திரும்பி வந்தபோது லொட்ஜ் மனேச்சர் வாசல் படலையில் நின்று, உள்ளே வராதே என்று கையால் காட்டினார். படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக வந்தார்களாம். பெயர் கூப்பிட்டார்களாம். நான் எவ்வளவு சொல்லியும் பதியாமல் இருந்த இரண்டு பொடியளின் பெயர் அதில் இல்லை, அவர்களை விட்டுவிட்டார்கள். கொண்டுபோனவர்களில் ஒன்பது பேர் சில மாதங்களில் வெளியே வந்தார்கள். பத்தாவது ஆள் ராசன். பதினோராவது பெயர் என்னுடையது.

காபன் பிரதிகளைச் சுருட்டிக் காற்சட்டைப் பட்டிக்குள் வைத்துக்கொண்டு நாடு கடந்தேன். என் கடவுச்சீட்டை வழியில் கிழித்தேன், அவற்றைக் கிழிக்கவில்லை. முகாமில் அப்புக்காத்தருக்குக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தார். "உதை ஒருத்தருக்கும் காட்டாதையும். பேர் குடுத்தது ஆரெண்டு உதிலை கிடக்கு," என்றார்.

அவை வரிப் பத்திரங்களோடு ஒரு கோப்பில் இருக்கின்றன. என் மனைவி பரமேசுக்குத் தெரியும். மலரின் அழைப்புக்குப் பிறகு நான் கோப்பை எடுத்து மேசையில் வைத்ததைக் கண்டாள்.

"முப்பது வருசமாச் சொன்னதை இனி மாத்தப் போறியளோ?"

"சத்தியக் கடதாசி. பொய் எழுதேலாது."

"முகாமிலை எழுதினது சத்தியக் கடதாசி இல்லையோ?"

நான் கோப்பைத் திறந்தேன். அவள் உருளைக்கிழங்கு சீவினாள்.

"அதை இதோடை ஒப்பிட்டுப் பாத்து, பொய் சொல்லிப் பிரசாவுரிமை எடுத்தவர் எண்டு பாஸ்போட்டைப் பறிச்சால்?"

"அதுக்கு நடைமுறை கிடக்கு. சொன்ன பொய்யாலைதான் கிடைச்சது எண்டு அவை காட்டவேணும்."

"ஓ. நடைமுறை." கத்தியை வைத்தாள். "லொட்ஜிலையும் உதைத்தான் சொன்னனீங்களாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் எங்கள் மகளிடம் கேட்டால் என்ன என்று நினைத்தேன். அவளுக்கு இதைச் சொல்ல என் டேனிஷ் போதும். ஆனால் அந்த மொழியில் இதை யாரிடமும் சொல்லிப் பழகவில்லை, அந்த அதிகாரியைத் தவிர.

5

வியாழக்கிழமை காப்பகத்தில் இங்கர் நான் விட்ட கூட்டைத் திரையில் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"என் வேலிக்கு நீ ஆறு வாரம் காக்க வைத்தாய். நான் இரண்டு நாள்தான் காக்க வைத்தேன்."

"என்ன எழுதுவது?"

"கேட்டதைக் கேட்டது என்று எழுது. அது குற்றச்சாட்டு இல்லை. படத்தை எறியப் போகிறோமா? அது என்ன படம் என்று பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்."

பிறர் சொல்லக் கேட்டு, என்று தட்டினேன். ஆறு படங்களுக்கும். மரணப் படுக்கையின் இரண்டாவது பதிப்புக்கும் ஒன்று, ஆக ஏழு. பதின்மூன்று புதிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்க ஒரு கூடு இல்லை.

வீட்டுக்கு வந்து சத்தியக் கடதாசியை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். காலையில் அவனைப் பச்சைச் சேட்டோடு கண்டேன், மேல் பொத்தான் இல்லை, ஊசி இருக்கிறதா என்று கேட்டான், இல்லை என்றேன். கொண்டுபோனதை நான் காணவில்லை, மனேச்சர் சொல்லக் கேட்டேன். அவனுடைய பெயரும் அறையும் கட்டிலும் பொலிஸ் கையில் இருந்தன என்பதற்குச் சான்றாக, நானே நிரப்பி நானே கையளித்த படிவத்தின் முத்திரையிட்ட பிரதியை இணைக்கிறேன். அது எங்கள் பழைய பாணியில், எழுதுவினைஞன் கைபோல நேராக வந்தது.

6

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தார்கள். அபிதான் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். இப்போது பொறியியலாளர். வாசலில் சப்பாத்தைக் கழற்றி "ஹை, மாமா" என்றாள். பரமேசு ரீயும் றோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழமைக்கு மாறாகத் தானும் இருந்தாள்.

மலர் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். மெதுவாக வாசிப்பவள். முதல் பக்கத்தின் முடிவில் நிறுத்தி, திரும்ப மேலே போனாள். பிறகு காபன் பிரதியை எடுத்தாள். நீலம் மங்கிப்போன எழுத்து. அண்ணனின் பெயரில் விரலை வைத்தாள்.

"இது உங்கடை எழுத்து."

"ஓம்."

"நீங்கள் காணேல்லை."

"காணேல்லை."

அபி டேனிஷில் தாயிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மலர் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சொன்னேன், டேனிஷில், நான்கு வசனம். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது.

"ஆனால் நான் அதை வரைந்திருக்கிறேனே," என்றாள் அபி.

பரமேசு றோல்ஸ் தட்டை அபியின் பக்கம் தள்ளினாள். அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"கண்ட சாட்சி எண்டு இதை எடுப்பினமோ அண்ணை?" மலரின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. சமையலறையில் ஓடர் கேட்பவளின் குரல்.

"கண்ட சாட்சி எண்டு எடுக்காயினம். ஆனால் அண்டைக்கு அவன் அந்தக் கட்டிலிலை இருந்தவன் எண்டதும், அது அவைக்குத் தெரியும் எண்டதும் இதிலை அவையின்ரை முத்திரையோடை கிடக்கு. நான் கண்டனான் எண்டு சொல்லுறதைவிட இது கனம். முந்தித் தந்திருந்தால் இன்னும் கனம்."

"முந்தித் தந்திருந்தால் அம்மாவும் பாத்திருப்பா."

"ஓம்."

அவள் தாள்களை நேராக்கி உறைக்குள் வைத்தாள். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு நொத்தாரிசிடம் நேரம் எடுத்திருப்பதாகவும், முத்திரையான பிறகு நானே பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றும் சொன்னேன். வேண்டாம், நானும் வாறன், எனக்கு முன்னாலை கையெழுத்து வையுங்கோ என்றாள். வேலைக்கு லீவு சொல்ல வேண்டும் என்று கைப்பேசியில் குறித்தாள். ரீ குடித்தாள். அதை மிச்சம் விடாமல் குடித்தாள். நான் அதைக் கவனித்தேன், ஏதோ நிம்மதிக்காக.

கார்வரை போனோம். காற்றடித்தது. அபி உள்ளே ஏறி இயந்திரத்தை இயக்கினாள். மலர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை. திரும்பிப் பாத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

அப்புக்காத்தரைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்பது வருடத்துக்கு முன் இறந்துவிட்டார், செத்தவீட்டுக்கு நானும் போனேன் என்றும் சொன்னேன்.

"அவரின்ரை ஆக்கள் ஆரையும் பிடிச்சுக்கொண்டு போனவையோ?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முகாமில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "ஓம். தம்பி. வீட்டிலை வைச்சு. அவர் படியிலை நிண்டவர்."

"தம்பி திரும்பி வந்தவரோ?"

"இல்லை."

மலர் உறையை மறு கைக்கு மாற்றினாள்.

"அப்ப அது அந்தப் பொடியன் பாத்த பார்வை," என்றாள். "இவ்வளவு காலமும் எங்கடை வீட்டுச் சுவரிலை கிடந்திருக்கு. அம்மா ஊரிலை அதை நினைச்சு விளக்கு வைச்சவ." பிறகு கேட்டாள்: "அவனுக்கு என்ன பேர்?"

அந்த முகாமில் பதினான்கு மாதம் அப்புக்காத்தருக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன் நான். அவருடைய படிவங்கள் எல்லாம் என் கையால் நிரப்பியவை. உறவினர் என்ற கூட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். தம்பிக்கு அதில் இடம் இருந்தது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

"தெரியாது பிள்ளை," என்றேன்.

அவள் சிறிது நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு காரில் ஏறிப் பட்டியைப் போட்டாள். அபி கண்ணாடியில் பின்புறம் பார்த்து, கையைக் காட்டி, காரை எடுத்தாள். வீதித் திருப்பம்வரை நின்று பார்த்தேன். மலர் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் கண்டேன்.